நானூறு பேரின் சுவர்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், டுஹங்கா வெள்ள வடிகாலின் கான்கிரீட் சுவரில், ஒரு குடும்பம் பிரிந்து நிற்கிறது. அதிவேகச் சாலைகள் பாம்புகளாக நெளிந்து உறவினர்களை ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி வளைத்திருக்கின்றன. மேலே, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த வாகனம் போல, ஒரு பேஸ்பால் அரங்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. சாவேஸ் ரவீன் என்ற மெக்சிக அமெரிக்கக் குடியிருப்பின் கதை இது. ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொல்லி 1950களில் அங்கிருந்தவர்களைக் காலிசெய்ய வைத்தார்கள். பிறகு அந்தத் திட்டத்தையே கைவிட்டு, நிலத்தை டாட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்தார்கள். எஞ்சியிருந்தவர்களை 1959-இல் காவலர்கள் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். 1962-இல் அரங்கம் திறக்கப்பட்டது.

வீடிழந்தவர்களின் பார்வையிலிருந்து பார்த்தால்தான் அந்த அரங்கம் வானத்திலிருந்து இறங்கியதாகத் தோன்றும். யாரோ சொல்லி, யாரோ கேட்டு, கேட்டதைப் படமாக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்ததால் கிடைத்த உருவகம் அது.

‘லாஸ் ஏஞ்சல்ஸ் பெருஞ்சுவர்’ என்று அறியப்படும் ஓவியத்தில் இது ஒரு பகுதி. மொத்த நீளம் 2,754 அடி, அதாவது அரை மைலுக்குச் சற்று மேல். 1976-இல் தொடங்கி 1983 வரை ஐந்து கோடைகளில், நானூறுக்கும் மேற்பட்ட இளவயதினர் இதை வரைந்தார்கள். முன்னின்று நடத்தியவர் ஜூடி பாக்கா. கலைஞர் ஒருவர் மக்களைக் கூட்டிவைத்து, அவர்களின் கதைகளைக் கேட்டு, அவர்களையே வரையவைக்கும் பட்டறைகள் இன்று உலகெங்கும் நடக்கின்றன. நிதி தருபவர்கள் விரும்பும் வேலை இது; அறிக்கை எழுதுபவர்களுக்கும் வசதியானது. அதனாலேயே இதைப் பற்றிக் கறாராகப் பேசுபவர்கள் குறைவு. இந்தப் பணிமுறையின் பலமும் கோளாறும் பாக்காவின் வேலையில் தெரிவது போல வேறெங்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. எந்தக் கதையைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதில் மக்களுக்குப் பங்கு இருந்த இடங்களில் அவருடைய வேலை ஓங்கி நிற்கிறது. அவர்களுடைய கையுழைப்பு மட்டும் போதும் என்றான இடங்களில் நல்ல ஓவியம் என்ற அளவோடு நின்றுவிடுகிறது.

பாக்கா 1946-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். தாய், பாட்டி, சித்திமார் என்று பெண்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தார். பாட்டி பிரான்சிஸ்கா மூலிகை வைத்தியம் அறிந்தவர். பள்ளிக்கூடத்தில் ஸ்பானியம் பேசத் தடை. ஆங்கிலம் தெரியாத அந்தச் சிறுமியை ஒரு மூலையில் உட்காரவைத்து ஓவியம் வரையச் சொன்னார்கள். நவீன ஓவியம் பயின்று 1969-இல் பட்டம் பெற்றார். படிப்பு முடிந்ததும் கேட்டுக்கொண்ட கேள்வி, தன் பாட்டி ஒருநாளும் காலெடுத்து வைக்காத காட்சிக்கூடங்களுக்காக ஏன் வரைய வேண்டும் என்பது. அவருடைய பிற்கால வேலை முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்ததுதான்.

1970-இல் நகரின் பூங்காத் துறையில் ஓவியம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் பூங்காக்களில் பொழுதுபோக்கிக்கொண்டிருந்த இளைஞர்கள் பல கும்பல்களைச் சேர்ந்தவர்கள். ஒரு தெருவைச் சேர்ந்தவன் அடுத்த தெருவுக்குள் நுழைந்தால் அடிதடி. அவர்கள் சுவர்களில் தம் கும்பலின் பெயரையும் கையெழுத்தையும் பொறித்துவைப்பதை பாக்கா கவனித்தார். சுவரில் எழுதும் பழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது; அதன் மீதுதான் அவர் தன் வேலையைக் கட்டினார். நான்கு கும்பல்களிலிருந்து இருபது பேரைச் சேர்த்து ஹாலன்பெக் பூங்காவின் இசை மேடையில் ‘என் பாட்டி’ என்ற ஓவியத்தை வரையவைத்தார். இரு கைகளையும் விரித்து அணைக்க வரும் ஒரு கிழவி. எதிரிக் கும்பல் வந்துவிடாமல் இருக்க மூலைக்கு மூலை ஆள் நிறுத்திக் காவல் காத்துக்கொண்டே வரைந்தார்கள். அனுமதி வாங்காமல் தொடங்கிய வேலை அது. புகார் கேட்டு விசாரிக்க வந்த நகர அதிகாரி, வெட்டிக்கொள்ள வேண்டியவர்கள் ஒன்றாக நின்று வர்ணம் பூசுவதைப் பார்த்துத் தானே அனுமதி வாங்கிக் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் அந்தப் பாட்டியின் காலடியில் பல ஆண்டுகள் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்தார்கள்.

இந்த ஓவியத்தில் கலைநுட்பம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் சமூகக் கலை என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ள வேலை இது என்று தயங்காமல் சொல்வேன். நான்கு கும்பல்களுக்கும் பொதுவான ஒரே முகம் பாட்டியின் முகம். பகையைப் பற்றி வகுப்பெடுக்காமல், பகைவர் யாரும் மறுக்க முடியாத ஓர் ஆளை பாக்கா நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். பட்டறை நடத்துபவர்களுக்கு வேண்டிய முதல் திறமை இந்தத் தேர்வுதான். தூரிகை பிடிக்கும் திறமை அதற்கு அப்புறம்.

1974-இல் நகரம் முழுவதற்குமான சுவரோவியத் திட்டம் அவர் பொறுப்பில் தொடங்கியது. நூற்றுக்கணக்கான சுவரோவியங்கள் உருவாயின. கூடவே தணிக்கையும் வந்தது. அரசுப் பணத்தில் சர்ச்சைக்குரிய காட்சிகளை வரையலாமா என்று நகர மன்றத்தினர் கேட்கத் தொடங்கினார்கள். பாக்கா 1976-இல் கிறிஸ்டினா ஷ்லெசிஞ்சர், டோனா டெய்ச் இருவருடனும் சேர்ந்து ஸ்பார்க் என்ற தனி அமைப்பை நிறுவினார். வெனிஸ் பகுதியின் பழைய காவல் நிலையம்தான் அதன் இடம்; லாக்கப் அறைகள் இன்றும் உள்ளே இருக்கின்றன. அரசுப் பணத்தை முற்றிலும் விலக்காமல், அரசு ஒன்றே எசமானாக இருக்கும் நிலையை மட்டும் விலக்கிய ஏற்பாடு இது. நாற்பதாண்டுகளுக்கு மேல் அந்த அமைப்பு தாக்குப்பிடித்ததற்கு இந்த நிதானமும் காரணம்.

பெருஞ்சுவரின் தொடக்கம் ராணுவப் பொறியாளர் படையின் அழைப்பு. 1938-இன் பெருவெள்ளத்துக்குப் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றையும் அதன் கிளைகளையும் கான்கிரீட் தொட்டிகளாக மாற்றியது அதே படைதான். அந்தத் தொட்டிகளில் ஒன்றின் கரையை அழகுபடுத்த 1974-இல் பாக்காவைக் கேட்டார்கள். கான்கிரீட் போட்ட ஆறு அவர் கண்ணுக்கு நிலத்தின் தழும்பாகத் தெரிந்தது. ஆற்றை மறைத்ததைப் போலவே வரலாற்றையும் மறைத்திருக்கிறார்கள் என்று அவர் சேர்த்துப் பார்த்தார். பழங்குடிகள், மெக்சிகர், சீனர், ஜப்பானியர், கறுப்பினத்தவர், யூதர் என்று பாடநூலில் இடமில்லாதவர்களைக் கொண்டு கலிஃபோர்னியாவின் வரலாற்றை அந்தச் சுவரில் எழுதுவது என்று முடிவானது.

வேலை நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முதல் கோடையில் 80 இளவயதினர். பலர் சிறார் நீதித்துறை அனுப்பிவைத்தவர்கள். அவர்களுக்குக் கூலி உண்டு. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ‘பங்கேற்பு’ என்ற பெயரில் ஏழைப் பிள்ளைகளின் நேரத்தை இலவசமாக வாங்கிக்கொண்டு சான்றிதழும் டீ-ஷர்ட்டும் கொடுத்தனுப்பும் பட்டறைகள் எத்தனையோ. பாக்கா அவர்களை வேலைக்காரர்களாக மதித்துச் சம்பளம் வாங்கிக் கொடுத்தார். வரலாற்றாசிரியர்கள் வந்து பேசினார்கள். சம்பவங்களை நேரில் கண்ட முதியவர்களும் வந்தார்கள். கேட்டதைப் பிள்ளைகள் நடித்துப் பார்த்தார்கள். ஓவியம் அதற்குப் பிறகுதான் வந்தது. சுவரைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கட்டம் போட்டு, சிறு வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி, வடிகாலின் அடித்தளத்தில் நின்று வெயிலில் வர்ணம் பூசினார்கள். தன் இனத்தானுக்கு நேர்ந்ததை ஒருவன் வரையும்போது, பக்கத்தில் நிற்கும் வேற்று இனத்தான் அந்த உருவத்துக்கு நிழல் தீட்டினான். இந்த வரிசையில்தான் பாக்காவின் உண்மையான கண்டுபிடிப்பு இருக்கிறது. கதை கேட்பது, நடிப்பது, வரைவது, பிறர் கதையைத் தன் கையால் முடித்துக் கொடுப்பது. எந்தப் படியையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் சுவர் அலங்காரம்.

முதல் கோடையில் ஆயிரம் அடி முடிந்தது. ஆதிகாலத்திலிருந்து 1910 வரையிலான பகுதி அது. பத்துக் கலைஞர்கள் ஆளுக்கொரு பகுதியை வடிவமைத்தார்கள். விளைவு கலவையாகவே இருக்கிறது. ஒரு பகுதி நெடும்பரப்பாக விரிகிறது. அடுத்தது சுவரொட்டி போலத் தட்டையாக நிற்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண் போகும்போது தடுக்குகிறது. அதற்குப் பிறகு பாக்கா மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரில் இருந்த சுவரோவியக் கலைஞர் சிகைரோஸின் பட்டறைக்குச் சென்று பயின்றார். சிகைரோஸ் குழுவாக வரைவதை வலியுறுத்தியவர். ஆனால் அவருடைய குழுவில் தலைமைக் கலைஞர் யார் என்பதில் ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. திரும்பிவந்த பாக்கா 1978-இலிருந்து முழு வடிவமைப்பையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். உருவங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து பாய ஆரம்பித்தன. இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர், 1943-இல் கடற்படையினரிடம் அடிபட்டு உடை உரியப்பட்ட மெக்சிக இளைஞர், போர் முடிந்ததும் தொழிற்சாலையிலிருந்து பிடுங்கப்பட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இழுக்கப்படும் ரோஸி என்ற தொழிலாளிப் பெண். சுவரின் மிகச் சிறந்த பகுதிகள் எல்லாம் 1978-க்குப் பிறகு வந்தவை.

இங்கேதான் திறனாய்வாளன் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஓவியம் சிறந்த அளவுக்கு அதை வடிவமைப்பதில் பிள்ளைகளின் பங்கு குறைந்தது. கட்டத்துக்குள் வர்ணம் நிரப்புவது உழைப்புதான், பயிற்சியும்தான். ஆனால் எதை எங்கே வைப்பது என்ற முடிவு ஒருவருடைய மேசையில் நடந்தது. பாக்காவைக் குறைசொல்பவர்கள் இதைச் சுட்டுகிறார்கள். அவர்களோடு நான் பாதிவரைதான் போவேன். பதினைந்து வயதுப் பையனிடம் அரை மைல் சுவரின் அமைப்பை ஒப்படைப்பது ஜனநாயகம் ஆகிவிடாது. அது அவனைத் தோற்கவிடுவது. எல்லோருடைய யோசனையையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துச் செய்யும் சுவர்கள் எப்படி முடியும் என்று நாம் பார்த்திருக்கிறோம். நாலு கை கோத்த உருவங்கள், ஒரு புறா, ஒரு சூரியன். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, யாருடைய கதையும் அதில் இல்லை. பாக்கா அந்தக் கதியிலிருந்து பெருஞ்சுவரைக் காப்பாற்றினார். தன் மகன் வரைந்த சுவர் அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு தாய் எதிர்பார்ப்பதும் நியாயமான சமூக விருப்பம்தானே. கலைஞர் தன் திறமையை ஒளித்துவைத்துக்கொண்டு அடக்கம் காட்டுவது மக்களை மதிப்பதாகாது.

என் மனக்குறை வேறு இடத்தில். வடிவமைப்பு ஒருவர் கையில் சேர்ந்தபோது கதையின் போக்கும் ஒரே தடத்தில் விழுந்தது. துன்பம், எதிர்ப்பு, வெற்றி. ஒவ்வொரு சமூகமும் வெள்ளை அதிகாரத்தால் அடிபடுகிறது, எழுகிறது, அடுத்த பகுதி வருகிறது. இதில் பொய் ஏதுமில்லை. பாடநூல் மறைத்த உண்மைகளைச் சொல்ல அந்தக் காலத்தில் இந்த உரத்த குரல் தேவையாகவும் இருந்தது. ஆனால் அந்தச் சுவர் முன்னால் நின்ற பிள்ளைகளின் வாழ்க்கையில் இருந்த பகை பெரும்பாலும் அவர்களுக்குள்ளேயே நடந்த பகை. ஒரு தெருவுக்கும் மறு தெருவுக்கும், ஒரு சிறுபான்மைக்கும் இன்னொன்றுக்கும், வீட்டுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நடந்தது. வடிகாலின் அடியில் வர்ணம் குழைத்துக்கொண்டே அவர்கள் தீர்த்துக்கொண்ட அந்தச் சண்டைகள் சுவரில் அதிகம் ஏறவில்லை. பட்டறையில் நடந்தது, பட்டறை படைத்ததைவிடச் செறிவானது. சமூகக் கலையின் தீராத சிக்கல்களில் ஒன்று இது. பாக்கா போன்ற தேர்ந்த கலைஞராலும் இதை முழுக்கத் தாண்ட முடியவில்லை.

இதைத் தாண்டிய ஒரு வேலை அவரிடம் உண்டு. அது சுவரோவியமே அல்ல. 1993-இல் பால்ட்வின் பார்க் ரயில் நிலையத்தில் அவர் அமைத்த ‘டான்சாஸ் இந்திஹெனாஸ்’ என்ற நினைவு வளைவு. ஊர்மக்களிடம் பேச்சுக்கொடுத்துச் சேகரித்த வாக்கியங்களையும், எழுத்தாளர் குளோரியா அன்சால்டுவாவின் வரிகளையும் அதில் பொறித்திருக்கிறார். அவற்றில் ஒன்று, ‘அவர்கள்’ வருவதற்கு முன்பு எல்லாம் நன்றாக இருந்தது என்ற பொருளில் வரும். யார் அந்த அவர்கள் என்று வளைவு சொல்வதில்லை. 2005-இல் குடியேற்ற எதிர்ப்பு அமைப்பு ஒன்று, இது வெள்ளையரைப் பழிக்கிறது, நீக்க வேண்டும் என்று ஊர்வலம் வந்தது. அந்த வாக்கியத்தைச் சொன்னவர் உள்ளூர் வெள்ளைக்காரர் ஒருவர், அவர் குறிப்பிட்டது மெக்சிகர்களை என்று பாக்கா விளக்கினார். எனக்கு இது மிக உயர்ந்த கதை கேட்கும் கலையாகத் தெரிகிறது. தனக்குப் பிடிக்காத வாக்கியத்தையும் பாக்கா கேட்டார், தூக்கி எறியவில்லை, திருத்தவில்லை. படிப்பவர் எந்தப் பக்கம் நின்று படிக்கிறாரோ அந்தப் பக்கத்தை அது வெளிக்காட்டிவிடுகிறது. பெருஞ்சுவரில் அறம் தெளிவாக இருக்கிறது. பால்ட்வின் பார்க்கில் மக்கள் இருக்கிறார்கள், தம் வெறுப்போடும் ஏக்கத்தோடும். பட்டறை நடத்தும் கலைஞர்கள் பெருஞ்சுவரை மட்டும் முன்மாதிரியாகக் கொள்வது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு கேள்வி, வேலை முடிந்த பிறகு என்ன என்பது. ஒரு கோடையின் கூலியும் தோழமையும் ஒருவனுடைய வாழ்க்கையைத் திருப்பிவிடும் என்று நம்புவது கலைஞர்களுக்கு இதமான நம்பிக்கை. சிலருக்குத் திருப்பியிருக்கும்; அந்தச் சிலரின் கதைதான் மீண்டும் மீண்டும் சொல்லப்படும். மற்றவர்கள் அதே தெருவுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். பாக்கா ஒரே ஊரில், ஒரே சுவரில், மீண்டும் மீண்டும் வந்து வேலைசெய்தார் என்பது இந்தக் குறைக்கு ஓரளவு பதில். வாரக் கடைசியில் வந்து இறங்கி, ஒரு சுவரை முடித்துப் படமெடுத்துக்கொண்டு போகிறவர் அல்ல அவர். சுவர் வெளுத்தபோது 2011-இல் அதைப் புதுப்பிக்கவும் செய்தார்கள். 2017-இல் அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சுவர் இடம்பெற்றது. நீடித்து நிற்பதும் சமூகக் கலையின் அறத்தில் சேர்ந்ததுதான்.

இதுவரை பாக்காவின் பக்கம் நின்று வாதாடிய எனக்கு, கடைசிப் பத்தாண்டு நிகழ்வுகளில் மனம் ஒப்பவில்லை. 2021-இல் மெல்லன் அறக்கட்டளை சுவரை நீட்டிக்க 50 லட்சம் டாலர் வழங்கியது. அதே ஆண்டில் பெருஞ்சுவரின் வரைபடங்களும் ஆவணங்களும் அடங்கிய தொகுப்பை லூகாஸ் கதைக்கலை அருங்காட்சியகம் வாங்கியது. 2023-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்துக்குள்ளேயே 1960களின் பகுதிகளைத் துணியில் வரைந்தார்கள். பார்வையாளர்கள் நின்று பார்த்தார்கள். பாட்டி காலெடுத்து வைக்காத கட்டடத்துக்குள் பாட்டியின் பேத்தி தன் குழுவோடு நுழைந்ததை வெற்றி என்று கொண்டாடலாம். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவரை வடிகாலில் இறங்கி வெயிலில் நிற்கச் சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை. அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. தகுதியானவருக்குத் தாமதமாகக் கிடைத்த மரியாதை.

ஆனால் வேலையின் அச்சு மாறிவிட்டது. இப்போது வரைபவர்கள் பயிற்சி பெற்ற கலைஞர்கள். அன்று நீதிமன்றம் அனுப்பிய பிள்ளைகள் நின்ற இடம் அது. அன்று வழிப்போக்கன் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தான், தெரிந்த பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அருங்காட்சியகத்துக்கு வந்தவரோ வரைபவர்களின் முதுகைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். சொத்துரிமையிலும் சிக்கல் இருக்கிறது. 1978 முதலான பகுதிகளின் வரைபடத்தை வரைந்தவர் பாக்கா. சட்டம் அவரை ஆசிரியராக ஏற்கிறது. ஒரு முதியவர் சொன்ன நினைவுக்கோ, அதை நடித்துக்காட்டிய சிறுவனின் உடல் அசைவுக்கோ, அந்த வரைபடத்தில் எவ்வளவு பங்கு என்று எந்தச் சட்டமும் அளப்பதில்லை. சமூகக் கலை சந்தைக்கு வரும்போது சமூகம் வாசலில் நின்றுவிடுகிறது. இது பாக்கா ஒருவருடைய குற்றமல்ல. ஒரு பெயரை மட்டுமே விலைச்சீட்டில் எழுதத் தெரிந்த கலைச் சந்தையின் வழக்கம் அது. ஆனாலும் வாழ்நாள் முழுவதும் அந்த வழக்கத்தை எதிர்த்து நின்றவரிடமிருந்து, பெயர்களைப் பகிர்வதற்கும் வருமானத்தைப் பகிர்வதற்கும் ஒரு புது ஏற்பாட்டை எதிர்பார்ப்பது அதிகப்படி இல்லை.

பெருஞ்சுவரைக் கடந்த நூற்றாண்டின் முக்கியமான பொதுக்கலைப் படைப்புகளில் ஒன்றாகவே வைப்பேன். நீட்டிப்புப் பகுதி துணியில் வரையப்பட்டுச் சுவருக்கு வந்து சேரும்போது, அது பழைய பகுதியைவிட நேர்த்தியாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நேர்த்திக்காக அதற்குப் பெரிய இடம் கொடுக்கத் தயாராக இல்லை. டுஹங்கா வடிகாலின் கரையில் இன்றும் பதினாறு வயதுப் பிள்ளைகள் வேலையில்லாமல் சுற்றுகிறார்கள். 1960களுக்குப் பிந்தைய வரலாற்றில் அவர்களுடைய பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களைக் கூலி கொடுத்து அழைத்து, கதை கேட்கவைத்து, எந்தக் கதை சுவருக்கு ஏற வேண்டும் என்ற விவாதத்தில் உட்காரவைத்த பிறகு பூசும் வர்ணமே அந்தச் சுவரின் தொடர்ச்சியாக இருக்க முடியும்.